வீட்டு முகப்பையும் வாசலையும் நாமே சீர்செய்வது: எந்த வேலையை முதலில் தொடங்குவது?

முற்றம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் முன்புறத்தை விடுமுறை நாட்களில் நானே சிறுகச் சிறுகச் சீர்செய்யத் திட்டமிட்டிருக்கிறேன். சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். மேலே சிமென்ட் பூச்சு. படிக்கட்டுக்கு இடப்பக்கம் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயின்ட் கொப்புளித்து உரிந்திருக்கிறது. உரிந்த இடத்தில் விரலால் தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்கிறது. படிகள் மூன்று, ஒவ்வொன்றும் 18 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம், கீழ்ப்படியின் விளிம்பு உடைந்துவிட்டது. மரக்கதவு பூட்டுப் பக்கத்தின் மேல்மூலையில் நிலையோடு உரசுகிறது. வாசல் விளக்கு கதவுக்கு நேர் மேலே இருப்பதால், வீட்டிலிருந்து இறங்குபவரின் நிழல் அவர் கால் வைக்க வேண்டிய படியின் மேலேயே விழுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் இந்தப் படியும் விளக்கும் எனக்குக் கவலை தருகின்றன.

கண்ணில் முதலில் படுவது சுவர்தான் என்பதால் பெயின்டில் தொடங்கி, பிறகு கதவு, படி, விளக்கு என்று போகலாம் என நினைக்கிறேன். இந்த வரிசை சரியா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

தூரிகை எழுதியது:

பெயின்டில் தொடங்குவதில் தவறில்லை; ஆனால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் சுவரைத் தயார்செய்வதற்கே பாதிக்கு மேற்பட்ட உழைப்பை ஒதுக்குங்கள். உரிந்ததைத் தகட்டால் சுரண்டி, பாசி பிடித்த இடங்களை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்த கரைசலால் நனைத்து, கால் மணி நேரம் கழித்துக் கழுவி, நன்கு உலரவிட்டு, காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒரு கை, வெளிச்சுவர் பெயின்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். ப்ளீச்சோடு அமிலத்தையோ அம்மோனியா உள்ள கழுவுநீரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழும் வாயு நுரையீரலைத் தாக்கும். வீடு பழையதாக இருந்தால் அடியில் உள்ள பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டுங்கள். சிறு குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது.

முழங்கால் உயரம் வரை உரிகிறது என்கிறீர்கள். அந்தப் பகுதிக்கு ரப்பர் போல நீளும் தடிமனான நீர்த்தடுப்புப் பெயின்ட் அடித்தால் நிற்கும் என்பது என் கருத்து.

கொத்துக்கரண்டி எழுதியது:

தூரிகை சொன்ன தயாரிப்பு முறை முழுவதும் சரியானது. ஆனால் கடைசி வரியை நான் மறுக்கிறேன். முற்றம் விவரிப்பது பெயின்டின் கோளாறே அல்ல. சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது, அது வெளியேற வழி தேடுகிறது.

செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்துளைகள் வழியாக மண்ணின் ஈரம் மேலே ஏறுகிறது. இந்த ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், ஏனெனில் அந்த உயரத்துக்குள் ஏறும் நீரும் சுவர்ப்பரப்பில் ஆவியாகும் நீரும் சமமாகிவிடுகின்றன. வரும் வழியில் மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வரும் நீர், பரப்பில் ஆவியாகும்போது உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் தொட்டுப் பார்த்த வெள்ளைப் பொடி அதுதான். உப்புப் படிகம் வளரும்போது தரும் அழுத்தமே பெயின்டைக் கொப்புளமாகத் தூக்குகிறது, பூச்சையும் பொடியாக்குகிறது. அதன் மேல் நீர்புகாத உறை போட்டால் முழங்கால் உயரத்தில் ஆவியான நீர், ஆவியாக இடமில்லாமல் இடுப்புயரம் வரை ஏறும். அடுத்து அந்த உறையும் தாளாக உரியும்.

எனவே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மழை பெய்யும்போது வெளியே நின்று பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை எதுவும் இல்லை. கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது, சன்ஷேடின் ஓரத்தில் சொட்டுகிறதா அல்லது அடிப்புறமாகவே தவழ்ந்து சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். சன்ஷேடின் அடிப்பக்கத்தில் வெளிவிளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு சிறு பள்ளம் ஓட வேண்டும். அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஜன்னலுக்குக் கீழே நீட்டியிருக்கும் கல்லுக்கும் அது வேண்டும்.

அடுத்தது தரை. சுவரின் அடியில் அஸ்திவாரத்துக்கு மேலே ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு ஒன்று இருக்கும். வெளித்தரை அதற்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். காலப்போக்கில் மண் கொட்டி, தளம் போட்டு, தொட்டி கட்டித் தரையை உயர்த்திவிட்டால், ஈரம் அந்த அடுக்கைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிவிடும். சுவரை ஒட்டிய மண் வெளிப்பக்கம் சரிய வேண்டும்: முதல் மூன்று மீட்டருக்குள் 15 செ.மீ. இறக்கம் என்பது நல்ல அளவு. கல்லோ சிமென்டோ பதித்த தளமாக இருந்தால் மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. போதும்.

ஐயம் இருந்தால் ஒன்றரை அடிச் சதுரத் தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் மட்டும் வியர்த்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம்.

முற்றம் எழுதியது:

மிக்க நன்றி. சொன்னபடியே பார்த்தேன். பிளாஸ்டிக் தாளை முழங்கால் உயரத்தில் ஒன்றும் தோள் உயரத்தில் ஒன்றுமாக ஒட்டியிருந்தேன். கீழ்த்தாளின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்து நின்றன, மேல்தாள் உலர்ந்திருந்தது.

சன்ஷேடில் பள்ளம் இருக்கிறது, ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடித்த பெயின்ட் அதை ஏறக்குறைய நிரப்பிவிட்டது. ஆணியால் கீறிப் பார்த்தபோது வெள்ளை, மஞ்சள், மறுபடி வெள்ளை என்று அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. இடப்பக்கம் சுவரை ஒட்டிச் செடிக்காக மண் குவித்திருக்கிறோம். அதோடு படிக்கு முன்னால் பதித்த கல்தளமும் சேர்ந்து, பழைய தரையைவிட ஏறத்தாழ 10 செ.மீ. உயர்ந்திருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

கொத்துக்கரண்டி எழுதியது:

காரணம் தெளிவாகிவிட்டது. மண்ணையும் கல்தளத்தையும் எடுத்துத் தரையைப் பழைய மட்டத்துக்கு இறக்குங்கள். செடி வேண்டுமென்றால் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். காலியாகும் இடத்தில் சரளைக்கல் பரப்பினால் மழைத்துளி மண்ணைச் சுவரில் தெறிக்காது. சன்ஷேடின் பள்ளத்தை முழு நீளத்துக்கும் சுரண்டித் திறந்துவிடுங்கள். நான் பார்த்தவரை, முகப்பில் செய்யும் வேலைகளில் குறைந்த உழைப்புக்கு அதிகப் பலன் தருவது அந்தப் பள்ளத்தைத் திறப்பதுதான்.

பிறகு உப்பேறிய பூச்சை, ஈரக்கறை தெரியும் உயரத்துக்கு மேலும் ஓரடி வரை, செங்கல் தெரியும்படி உளியால் பெயர்த்தெடுங்கள். உப்பைக் கழுவாதீர்கள்; தண்ணீர் பட்டால் அது கரைந்து மறுபடி உள்ளேயே போகும். உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கீழே விரித்த தாளில் சேர்த்து, சுவரடி மண்ணில் விழாமல் அப்புறப்படுத்துங்கள்.

அதன் பிறகு காத்திருக்க வேண்டும். தண்ணீர் வரத்து நின்ற பின்னும், ஓரங்குலத் தடிமன் உலர ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் புழங்கும் பொதுக்கணக்கு. காற்றோட்டமும் வெயிலும் நன்றாக இருந்து இரு புறமும் உலர்ந்தால் அது குறையும். ஆனாலும் ஒன்பது அங்குலச் சுவருக்கு மாதங்கள்தான் கணக்கு, வாரங்கள் அல்ல.

முற்றம் எழுதியது:

மாதக்கணக்கா? வாசலில் செங்கல் தெரிய அத்தனை நாள் விடுவது வீட்டில் உள்ளவர்களுக்கு ஏற்புடையதாக இருக்காது. நடுவே ஏதேனும் செய்ய வழியுண்டா?

தூரிகை எழுதியது:

பிளாஸ்டிக் தாளின் முடிவைப் பார்த்த பிறகு, இந்தச் சுவருக்கு நீர்த்தடுப்புப் பெயின்ட் பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த வகைப் பெயின்டை முற்றிலும் ஒதுக்கிவிடக் கூடாது. உலர்ந்த, மெல்லிய மயிரிழை விரிசல்கள் ஓடும், மழை நேரடியாக அறையும் மேல்சுவருக்கு அது நன்றாக உழைக்கும். நீளும் தன்மையால் விரிசலை மூடி நிற்கும். அங்கே உள்ளிருந்து வரும் ஈரம் இல்லாததால் உரிவதும் இல்லை.

கீழ்ச்சுவருக்கு இடைக்கால ஏற்பாடாகச் சுண்ணாம்பு அடியுங்கள். நீற்றிய சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து, சுவரை இலேசாக நனைத்து, மெல்லிய பல கைகளாக அடித்தால் ஈரம் அதன் வழியாகவே வெளியேறும். உப்பு வந்தாலும் அது உதிர்ந்துவிடும், நீங்கள் மறுபடி அடித்துக்கொள்ளலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள்.

பின்னர் நிரந்தரமாக அடிக்கும்போதும் மூச்சுவிடும் பெயின்டையே தேர்ந்தெடுக்கலாம். சிலிக்கேட் பெயின்ட் என்று ஒரு வகை உண்டு. ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்த அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878-இல் காப்புரிமை பெற்றது. மேலே படலமாக ஒட்டாமல், காரையிலுள்ள கனிமங்களோடு வினைபுரிந்து கல்லாகவே இறுகும் என்பதால் அது உரிவது அரிது. ஆனால் பழைய பிளாஸ்டிக் பெயின்டின் மேல் பிடிக்காது. புதுப் பூச்சின் மேல்தான் அடிக்க வேண்டும். உங்கள் கீழ்ச்சுவர் எப்படியும் புதுப் பூச்சு காணப்போகிறது. அந்தப் புதுப் பூச்சை ஒரு வாரமாவது ஈரம் காயாமல் வைத்திருங்கள். சாதாரணப் பெயின்ட் என்றால், அந்த வாரத்தையும் சேர்த்து 28 நாளாவது பொறுத்திருங்கள். புதுச் சிமென்டின் காரம் எண்ணெய்ப் பெயின்டைச் சோப்பாக மாற்றிவிடும்.

ரசமட்டம் எழுதியது:

ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் குறிப்பிடவில்லை. படிக்கு முன்னால் தரையை 10 செ.மீ. இறக்கினால், கீழ்ப்படியின் உயரம் 18-இலிருந்து 28 செ.மீ. ஆகிவிடும். முழங்கால் வலி உள்ளவரால் அதை ஏறவே முடியாது. எனவே தரை மட்டத்தை முடிவுசெய்யாமல் உடைந்த விளிம்பை மட்டும் பூசிவிடாதீர்கள். அந்த உழைப்பு வீணாகும்.

படிக்கட்டுக்கு 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா ப்ளோந்தேல் தந்த கணக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது: இரண்டு படி உயரத்தோடு ஒரு படி அகலத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 60 முதல் 64 செ.மீ. வர வேண்டும், ஏனெனில் மனிதரின் சராசரி நடை அந்த அளவுக்குள் அடங்குகிறது. உங்கள் பழைய படியும் 61-தான், கணக்குக்குள் வருகிறது. ஆனால் வயதானவர்களுக்கு உயரம் குறைந்து அகலம் கூடிய படியே நல்லது.

இப்போது மொத்த உயரம் 54-உம் 10-உம் சேர்ந்து 64 செ.மீ. ஆகிறது. அதை 16 செ.மீ. உயரமுள்ள நான்கு ஏற்றங்களாகப் பிரித்து, அகலத்தை 30 செ.மீ. ஆக்கினால் கூட்டுத்தொகை 62 வருகிறது. அம்மாவுக்கும் எளிதாக இருக்கும். இதற்குப் பழைய படிகளை இடிக்க வேண்டாம். வாசல் மட்டத்தில் உள்ள மேல்படியை அப்படியே விட்டு, அங்கிருந்து இறங்கும்போது வரும் முதல் படியை 2 செ.மீ. உயர்த்தி 5 செ.மீ. முன்னால் நீட்டுங்கள்; அடுத்த படியை 4 செ.மீ. உயர்த்தி 10 செ.மீ. நீட்டுங்கள், கீழே 16 செ.மீ. உயரத்தில் புதிதாக ஒரு படி கட்டுங்கள். வேலையைத் தொடங்கும் முன் பக்கச்சுவரில் நான்கு கோடுகளையும் மட்டம் பார்த்துப் பென்சிலால் போட்டுவிடுங்கள். நான்கு ஏற்றங்களும் ஒரே உயரமாக இருப்பது மிக மிக முக்கியம். முதல் படியிலேயே கால் அந்த உயரத்துக்குப் பழகிவிடுகிறது; ஒரு செ.மீ. வேறுபட்டாலும் தடுக்கும்.

பழைய சிமென்டின் மேல் புதியது ஒட்டுவதற்கு, பழைய பரப்பை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி நீக்கி, முந்தைய நாளே ஊறும்படி நனையுங்கள். வேலை நேரத்தில் பரப்பில் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது; கல் ஈரமாக இருக்க வேண்டும், மேலே மினுமினுப்பு இருக்கக் கூடாது. சிமென்டைக் குழம்பாகக் கரைத்துப் பிரஷால் அழுத்தித் தேய்த்து, அது காயும் முன் கலவையைப் போடுங்கள். முன்னால் நீட்டும் பகுதிக்குப் பழைய படியில் துளையிட்டுச் சிறு கம்பிகளைச் செருகினால்தான் தாங்கும். ஓரத்தில் பலகை அடைத்த பிறகே கலவையை ஊற்றுங்கள். ஒவ்வொரு படியும் வெளிப்பக்கமாக 3 மி.மீ. சரியட்டும். பளபளப்பான டைல்ஸ் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். மேற்பரப்பு சற்று இறுகியதும் முரட்டுப் பிரஷால் குறுக்காக ஒருமுறை இழுத்துவிட்டால் கால் பிடிப்பு கிடைக்கும்.

கைப்பிடியையும் இப்போதே திட்டத்தில் சேருங்கள். அதன் காலைக் கலவையிலேயே பதித்துவிடுவது, பின்னால் துளையிடுவதைவிட உறுதியானது.

இழைப்புளி எழுதியது:

கதவைப் பற்றி நான் சொல்கிறேன். உரசுகிறது என்றதும் இழைக்கத் தொடங்கிவிடாதீர்கள். பூட்டுப் பக்கத்தின் மேல்மூலை உரசினால் பெரும்பாலும் காரணம் மேல்கீல்தான். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். கீல் நிலையிலிருந்து அசைந்தால் ஆணித்துளை தளர்ந்துவிட்டது. திருகாணிகளைக் கழற்றி, துளையில் கடினமரக் குச்சியைப் பசை தடவி இறுக்கி அடித்து, காய்ந்ததும் மட்டமாக அறுத்துப் புதிதாகத் துளையிட்டு, முன்பைவிட நீளமான திருகாணியைப் போடுங்கள். பல கதவுகள் அதோடு சரியாகிவிடும்.

ஈரமான மாதங்களில் மட்டும் உரசுகிறது என்றால் மரம் உப்புகிறது. மரம் நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, குறுக்குவாக்கில்தான் விரியும். அப்படியென்றால் நிலையின் விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கதவை மூடித் திறங்கள்; வெள்ளை ஒட்டிய இடத்தை மட்டும் இழையுங்கள். பக்கங்களில் 3 மி.மீ. இடைவெளி போதும்.

இழைத்த பிறகு கதவின் ஆறு பக்கங்களையும் மூட வேண்டும். எல்லோரும் மறப்பது அடிவிளிம்பு. ஒரு சிறு கண்ணாடியைக் கதவுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். அங்கே வார்னிஷ் இல்லாமல் வெறும் மரம் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. நார் முனைகள் திறந்திருக்கும் அடிவிளிம்பும் தலைவிளிம்பும் மற்றப் பரப்பைவிடப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சும். வெளிக்கதவுக்குரிய, வெயிலைத் தாங்கும் வார்னிஷையே வாங்குங்கள். உள்ளறை வார்னிஷ் வெயிலில் வெடித்துச் செதிலாகும். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறி அவை தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் அமிழ்த்துங்கள், அல்லது திறந்த வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

விளக்குத்தூண் எழுதியது:

விளக்கைக் கதவுக்கு மேலிருந்து படிக்கட்டின் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். பக்கத்திலிருந்து ஒளி விழுந்தால் ஒவ்வொரு படியின் விளிம்பும் தனித்துத் தெரியும், இறங்குபவரின் நிழலும் ஒதுங்கிவிடும். கூரையின் கீழே ஐபி 44, மழை நேரடியாகப் படும் இடத்துக்கு ஐபி 65 என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். ஐபி என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் அளவைச் சொல்லும் குறியீடு; இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கு உரியது. விளக்கைப் பொருத்த ஆணியடிப்பது, குழாய் பதிப்பது எல்லாம் உங்களால் முடியும். புது ஒயர் இழுத்து இணைப்பதையும், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் வேலை செய்கிறதா என்று சோதிப்பதையும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். குழாயைச் சுவரில் பதிப்பதாக இருந்தால், புதுப் பூச்சுக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

முற்றம் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான் போட்ட வரிசை ஏறக்குறையத் தலைகீழாகிவிட்டது. இப்போது என் திட்டம் இது: முதலில் தரையை இறக்குவது, சன்ஷேடின் பள்ளத்தைத் திறப்பது, கெட்ட பூச்சைப் பெயர்ப்பது. சுவர் உலரும் மாதங்களில் கீழே சுண்ணாம்பு. அந்தக் காலத்திலேயே படி, கைப்பிடி, கதவு, விளக்குக்கான குழாய் ஆகியவற்றை முடிப்பது. பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டி, உட்புறம் வியர்க்காத பிறகே பூச்சும் பெயின்டும்.

ஒரேயொரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. பூச்சைப் பெயர்க்க இடம் குறித்தபோது, ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து சாய்வாக ஓடும் ஒரு விரிசலைக் கண்டேன். தீப்பெட்டி அட்டை நுழையும் அகலம் இருக்கிறது. இதை நானே அடைத்துவிடலாமா?

கொத்துக்கரண்டி எழுதியது:

திட்டம் நன்று, அப்படியே தொடங்குங்கள். விரிசலை மட்டும் உடனே அடைக்க வேண்டாம். முதலில் அது பூச்சில் மட்டும் இருக்கிறதா, செங்கல்லிலும் ஓடுகிறதா என்று ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைப் பெயர்த்துப் பாருங்கள். பூச்சோடு நின்றால் வாயை V வடிவில் அகலமாக்கி, நனைத்து, அடியிலுள்ள பூச்சைவிட வலுக்கூடாத கலவையால் அடைக்கலாம். வலுவான கலவை போட்டால் அதன் இரு ஓரங்களிலும் புது விரிசல் விடும்.

செங்கல்லிலும் படிப்படியாக இறங்கினால், விரிசலின் இரு முனையிலும் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதி, நடுவில் இரு பக்கமும் பென்சில் புள்ளி வைத்து, புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை மாதம் ஒருமுறை அளந்து வாருங்கள். சுவர் உலரக் காத்திருக்கும் காலம் அதற்குப் போதும். தூரம் மாறாமல் இருந்தால் அடைத்துவிடலாம். முனைகள் கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, அகலம் 5 மி.மீ. அளவை நெருங்கினாலோ, ஒரு பக்கம் மற்றதைவிட முன்னால் தள்ளி நின்றாலோ, அஸ்திவாரம் அசைகிறது என்று கொண்டு, வேறெந்த வேலையையும் தொடராமல் கட்டுமானப் பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். தரையை இறக்கும்போது அந்த மூலையில் மட்டும் அஸ்திவாரத்தின் பக்கம் தெரியும்படி ஆழமாகத் தோண்டாதீர்கள்.